நம்பிக்கை ஊட்டிய மருத்துவர் சிட்னி ஃபார்பர்

இன்று ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் கண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், பெற்றோரின் உள்ளம் பதறும். ஆயினும், அடுத்த நொடியே அவர்கள் சிகிச்சையைப் பற்றிக் கேட்பார்கள். நோயை எதிர்க்க மருந்துகள் உள்ளன. அவற்றைத் தக்க அளவில் கொடுக்கத் தெரிந்த மருத்துவர்கள் உள்ளனர். வசதி குறைந்தோருக்குக் கைகொடுக்க அறநிதிகளும் உள்ளன. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையிலிருந்து, வளர்ச்சியடைந்த நாடுகளில் பத்துக் குழந்தைகளுள் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைத்துவிடுகின்றனர்.

1940களின் நடுப்பகுதிவரை நிலைமை இவ்வாறு இல்லை. அந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துவிடும். அறுவை சிகிச்சையால் அதை அகற்ற முடியாது. இரத்தம் உடல் முழுவதும் ஓடுவதால், நோயும் உடல் முழுவதும் பரவியிருக்கும். மருத்துவர்கள் இரத்தம் ஏற்றுவார்கள், வலியைத் தணிப்பார்கள், பிறகு கைவிரித்துவிடுவார்கள். அப்படிக் கைவிரிப்பதை ஏற்க மறுத்தவர் சிட்னி ஃபார்பர். நோய்க்கு மருந்து தேடியதோடு அவர் நின்றுவிடவில்லை. அந்த மருந்து ஏழைக் குழந்தைக்கும் கிடைப்பதற்குப் பொதுமக்களின் துணையையும் நாடினார்.

இளமையும் கல்வியும்

சிட்னி ஃபார்பர் 1903ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பஃபலோ நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் போலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதர்கள். அவர்களுக்குப் பதினான்கு பிள்ளைகள். சிட்னி மூன்றாமவர். தந்தையார் காப்புறுதித் துறையில் பணியாற்றினார். இத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் வருமானம் கைக்கும் வாய்க்குமாகவே இருந்தது. ஆயினும், பிள்ளைகளின் கல்வியில் பெற்றோர் கண்ணும் கருத்துமாக இருந்தனர்.

சிட்னி பஃபலோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். படிப்புச் செலவை ஈடுகட்ட இசையரங்குகளில் வயலின் வாசித்தார். 1923ஆம் ஆண்டு பட்டம் பெற்றதும் மருத்துவம் பயில விரும்பினார். ஆனால், அக்காலத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரிகளில் யூத மாணவர்களுக்கு மிகச் சில இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. திறமை இருந்தும் கதவு திறக்கவில்லை. சிட்னி மனம் தளரவில்லை. அவருக்கு ஜெர்மன் மொழி நன்கு தெரியும். எனவே, ஜெர்மனிக்குச் சென்று மருத்துவப் படிப்பைத் தொடங்கினார். அங்கே சிறப்பாகத் தேறியபின், பாஸ்டன் நகரிலுள்ள ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவராகச் சேர்ந்தார். 1927ஆம் ஆண்டு மருத்துவரானார். அதற்கு அடுத்த ஆண்டு நார்மா என்பவரை மணந்தார். நார்மா பின்னாளில் கவிஞராகவும் குழந்தை எழுத்தாளராகவும் அறியப்பட்டார்.

1929ஆம் ஆண்டு, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் முதல் முழுநேர நோயியல் மருத்துவராக ஃபார்பர் பொறுப்பேற்றார். நோயியல் மருத்துவரின் பணி பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திற்குள்ளேயே நடைபெறும். நோயாளியின் திசுக்களை அவர் நுண்ணோக்கி வழியாக ஆராய்வார். இறந்தவரின் உடலைச் சோதித்து, இறப்புக்கான காரணத்தைக் கண்டறிவார். பிணச் சோதனையை முறையாகச் செய்வது பற்றி ஃபார்பர் 1937ஆம் ஆண்டு ஒரு நூலையும் வெளியிட்டார். அத்துறையில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது.

ஆயினும், அவர் மனத்தில் ஒரு குறை நெருடிக்கொண்டே இருந்தது. மேல்தளங்களில் குழந்தைகள் நோயோடு போராடினர். மருத்துவர்களும் தாதியரும் அவர்களைக் காக்க முயன்றனர். கீழே ஆய்வுக்கூடத்தில் இருந்த ஃபார்பரிடம் அக்குழந்தைகள் வந்துசேரும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். அவர் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். உயிரைக் காப்பாற்ற முடியாது. இரத்தப் புற்றுநோயால் இறந்த குழந்தைகளை ஆண்டுதோறும் அவர் கண்டார். அவருமே குடல் நோயால் அவதிப்பட்டு, பெரிய அறுவை சிகிச்சைக்கு உட்பட்டவர். நோயாளியின் துன்பம் என்ன என்பது அவருக்குப் பட்டறிவாகவே தெரியும். இறந்தவர்களை ஆராய்ந்தது போதும், உயிரோடிருக்கும் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

ஒரு தவறும் அது காட்டிய வழியும்

ஃபார்பரின் தேடல் ஃபோலிக் அமிலம் என்னும் ஊட்டச்சத்திலிருந்து தொடங்கியது. அச்சத்தின் கதை இந்தியாவோடு தொடர்புடையது. 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்குச் சென்றார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் பலர் கடுமையான இரத்தச்சோகையால் வாடினர். ரொட்டியில் தடவி உண்ணும் மார்மைட் அந்தச் சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டறிந்தார். மார்மைட்டில் இருந்த ஏதோ ஒரு சத்து இரத்த அணுக்கள் பெருகுவதற்கு உதவியது. அச்சத்தே ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெரிய வந்தது.

இரத்த அணுக்கள் சீராக உருவாக ஃபோலிக் அமிலம் உதவுகிறது என்றால், இரத்தப் புற்றுநோயால் கெட்டுப்போன அணுக்களையும் அது சீராக்கலாம் அல்லவா? ஃபார்பர் இவ்வாறு எண்ணினார். நோயுற்ற குழந்தைகள் சிலருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். நடந்ததோ நேர்மாறானது. புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகின. நோய் தணியவில்லை, தீவிரமானது.

எந்த மருத்துவரையும் நிலைகுலைய வைக்கும் தோல்வி அது. மருத்துவமனையில் இருந்த மற்ற மருத்துவர்கள் சிலர் ஃபார்பர் மீது சினம் கொண்டனர். ஆயினும், அவர் அத்தோல்வியை மூடி மறைக்காமல் அதைக் கூர்ந்து ஆராய்ந்தார். ஃபோலிக் அமிலம் புற்றணுக்களுக்கு உணவாக அமைகிறது என்றால், அந்த உணவைத் தடுத்து நிறுத்தினால் என்ன ஆகும்? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் கொண்டு, ஆனால் அதன் வேலையைச் செய்யாத ஒரு பொருள் கிடைத்தால், புற்றணு ஏமாந்து அதை ஏற்றுக்கொள்ளும். பூட்டுக்குள் நுழைந்தும் திரும்பாத போலிச்சாவி, சரியான சாவி நுழைய முடியாதபடி அடைத்துக்கொள்வதைப் போல, அப்பொருள் புற்றணுவின் வளர்ச்சியைத் தடுத்துவிடும்.

அப்படிப்பட்ட பொருளை உருவாக்கியவர்கள், எல்லப்பிரகட சுப்பாராவ் என்னும் அறிவியலாளரின் தலைமையில் இயங்கிய குழுவினர். சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1920களில் பாஸ்டனுக்கு வந்தபோது, வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்தார். ஹார்வர்டில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தபின், 1940ஆம் ஆண்டு லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த அவருடைய குழு, அதற்கு எதிராகச் செயல்படும் பொருள்களையும் தயாரித்தது. அவற்றுள் ஒன்றுதான் அமினோப்டெரின்.

1947ஆம் ஆண்டின் இறுதியில் அமினோப்டெரின் ஃபார்பரின் கைக்கு வந்தது. இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவர் அதைக் கொடுக்கத் தொடங்கினார். சிறுவனின் வயிறு வீங்கியிருந்தது, உடல் மெலிந்திருந்தது, அவனால் நடக்கவும் இயலவில்லை. மருந்து உட்செலுத்தப்பட்டபின், ஏறிக்கொண்டே சென்ற புற்றணுக்களின் எண்ணிக்கை நின்றது, பிறகு குறைந்தது. வீக்கம் வற்றியது. சில வாரங்களில் அச்சிறுவன் பசித்து உண்டான்; எழுந்து நடந்தான். அதுவரை எந்த மருந்தும் செய்யாததை அமினோப்டெரின் செய்தது.

தற்காலிக வெற்றி

ஃபார்பரும் அவருடைய குழுவினரும் பதினாறு குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தனர். அவர்களுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த சிலர் எழுந்து விளையாடினர். ஆனால், அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. திரும்பிய நோயை அதே மருந்தால் அடக்க முடியவில்லை. முதலில் எழுந்து நடந்த அச்சிறுவனும் 1948ஆம் ஆண்டு இறந்துபோனான்.

இவ்விடத்தில் ஃபார்பர் கடினமான கேள்வி ஒன்றை எதிர்கொண்டார். இறக்கப்போகும் குழந்தைக்கு ஊசி போட்டு, கடுமையான மருந்தைக் கொடுத்து, சில மாதங்களை மட்டும் கூட்டித் தருவது சரியா? மருத்துவமனையிலிருந்த பலர் அது சரியன்று என்றே கருதினர். அக்குழந்தைகளை அமைதியாகப் போகவிடுவதே இரக்கம் என்பது அவர்களுடைய எண்ணம். ஃபார்பருக்கு ஒத்துழைப்பு எளிதில் கிடைக்கவில்லை. அவர்கள் ஈவிரக்கமற்றவர்கள் அல்லர். எத்தனையோ பொய்யான நம்பிக்கைகளைக் கண்டு சலித்தவர்கள். அவர்களுடைய கவலையிலும் நியாயம் இருந்தது.

ஃபார்பரின் எண்ணம் வேறு. நோய் ஒருமுறை தணிந்தது என்றால், அதைத் தணிக்க முடியும் என்பது உறுதியாகிவிட்டது. இன்று கிடைத்த சில மாதங்களுக்குள் நாளை வேறொரு நல்ல மருந்து கண்டுபிடிக்கப்படலாம். இப்போதே முயற்சியைக் கைவிட்டால், அடுத்து வரும் குழந்தைகளுக்கும் வழி அடைபட்டுவிடும். இவ்வாறு நம்பிய அவர், தம் வெற்றியை ஊதிப் பெரிதாக்கவும் இல்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே, நோய் தணிந்தது தற்காலிகமாகத்தான் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டார். நம்பிக்கையை விடாமலும் உண்மையை மறைக்காமலும் நடப்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு ஃபார்பரிடம் இருந்தது.

அந்தக் கட்டுரை வெளிவந்த இரண்டு மாதங்களில், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் சுப்பாராவ் காலமானார். தம் குழுவின் கண்டுபிடிப்பு பின்னாளில் எத்தனை குழந்தைகளின் உயிரைக் காக்கப் போகிறது என்பதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

வானொலியில் ஒரு சிறுவனின் குரல்

ஆய்வைத் தொடரப் பணம் வேண்டியிருந்தது. அக்காலத்தில் குழந்தைகளின் புற்றுநோய்க்கென்று செலவிட அதிகமானோர் முன்வரவில்லை. புற்றுநோய் என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்லவே மக்கள் தயங்கினர். தீராத நோய்க்குப் பணம் கொடுத்து என்ன பயன் என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது.

திரைப்படத் துறையையும் கேளிக்கைத் துறையையும் சேர்ந்தவர்கள் நடத்திய வெரைட்டி கிளப் என்னும் சங்கம் ஃபார்பருக்குத் தோள் கொடுத்தது. அதன் நியூ இங்கிலாந்து கிளையின் ஆதரவோடு, 1947ஆம் ஆண்டு குழந்தைகள் புற்றுநோய் ஆய்வு அறநிறுவனத்தை ஃபார்பர் நிறுவினார். நாட்டு மக்களின் கவனத்தை ஈர்க்க என்ன செய்யலாம் என்று அவர்கள் சிந்தித்தனர். நோயைப் பற்றிய புள்ளி விவரங்களைச் சொல்வதைவிட, நோயுற்ற ஒரு குழந்தையை மக்களுக்கு அறிமுகம் செய்வதே மேல் என்று முடிவு செய்தனர்.

அப்போது ஃபார்பரிடம் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சிகிச்சை பெற்று வந்தான். அவன் மேய்ன் மாநிலத்திலுள்ள ஒரு விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவனுடைய வயிற்றில் புற்றுநோய் கண்டிருந்தது. பேஸ்பால் விளையாட்டு என்றால் அவனுக்கு உயிர். பாஸ்டன் பிரேவ்ஸ் குழுவின் ஆட்டக்காரர்கள் அனைவரின் பெயர்களும் அவனுக்கு மனப்பாடம். அவனைப் பற்றிய விவரங்கள் வெளியே தெரியாமல் இருக்க, வானொலிக்காக அவனுக்கு ஜிம்மி என்று பெயரிட்டனர்.

1948ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், சனிக்கிழமை இரவு. நாடெங்கும் ஒலிபரப்பான ஒரு வானொலி நிகழ்ச்சியை ரால்ஃப் எட்வர்ட்ஸ் ஹாலிவுட்டிலிருந்து நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய குரலைப் பாஸ்டன் மருத்துவமனையில் இருந்த ஜிம்மியின் அறையோடு இணைத்தனர். எட்வர்ட்ஸ் அவனிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பேஸ்பால் பற்றியே பேசினார். அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் யார் என்று கேட்டார். ஜிம்மி ஒரு பெயரைச் சொன்னான். அடுத்த கணமே அந்த ஆட்டக்காரர் அவனுடைய அறைக்குள் நுழைந்தார்! அவன் அடுத்த பெயரைச் சொல்ல, அவரும் வந்து நின்றார். இப்படியே ஒருவர் பின் ஒருவராகப் பிரேவ்ஸ் குழுவினர் அறையை நிறைத்தனர். ஜிம்மிக்கு அக்குழுவின் சீருடை பரிசாகக் கிடைத்தது. எல்லாரும் சேர்ந்து பேஸ்பால் பாட்டு ஒன்றைப் பாடினர். ஜிம்மியின் பிள்ளைக் குரல் வானொலி வழியாக நாடு முழுவதும் கேட்டது.

ஜிம்மியின் குரல் ஓய்ந்தபின், எட்வர்ட்ஸ் நேயர்களிடம் அவனுடைய நோயைப் பற்றிக் கூறினார். ஆட்டங்களைப் பார்க்கத் தனக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்பது ஜிம்மியின் ஆசை. குழந்தைகளின் புற்றுநோய் ஆய்வுக்காக 20,000 அமெரிக்க வெள்ளி சேர்ந்தால், அவனுக்கு அந்தப் பெட்டி வாங்கித் தரப்படும் என்று அவர் அறிவித்தார்.

நிகழ்ச்சி முடிவதற்குள்ளேயே மக்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். அடுத்தடுத்த நாள்களில் கடிதங்கள் வந்து குவிந்தன. முழு முகவரி தெரியாதவர்கள் உறையின் மேல் ஜிம்மியின் பெயரையும் பாஸ்டன் நகரின் பெயரையும் மட்டுமே எழுதி அனுப்பினர். அக்கடிதங்களும் தவறாமல் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் தங்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து அனுப்பினர். திரையரங்குகளில் உண்டியல்கள் ஏந்தப்பட்டன. 20,000 வெள்ளி எதிர்பார்த்த இடத்தில் 2,31,000 வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. ஜிம்மிக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் கிடைத்தது. ஃபார்பரின் பணிக்கு மக்களே துணையாயினர். ஜிம்மி நிதி என்னும் பெயர் நிலைத்தது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது மெய்யாயிற்று.

குழந்தைக்கேற்ற மருத்துவமனை

மக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு 1952ஆம் ஆண்டு ஜிம்மி நிதிக் கட்டடம் திறக்கப்பட்டது. அங்கே ஆய்வுக்கூடங்களும் சிகிச்சை அறைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. காத்திருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களும் வைக்கப்பட்டிருந்தன. மருத்துவமனைக்கு வருகிறோம் என்ற அச்சம் குழந்தைக்கு எள்ளளவும் இருக்கக் கூடாது என்பது ஃபார்பரின் விருப்பம்.

அங்கே அவர் முழுமையான பராமரிப்பு என்னும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன், நோயாளி ஒவ்வொரு மருத்துவரையும் தேடித்தேடிச் செல்ல வேண்டியிருந்தது. ஃபார்பரோ எல்லா மருத்துவர்களையும் குழந்தையைத் தேடி வரச் செய்தார். மருந்து கொடுப்பவரும், உணவைக் கவனிப்பவரும், மனத்தைத் தேற்றுபவரும், குடும்பத்தின் சிக்கல்களைக் கேட்டறியும் சமூக ஊழியரும் ஒரே குழுவாகச் செயல்பட்டனர். நோய் குழந்தையின் உடலில் மட்டும் தங்குவதில்லை. அது தாயின் தூக்கத்தைப் பறிக்கிறது. தந்தையின் வருமானத்தைக் கரைக்கிறது. உடன்பிறந்தோரின் மகிழ்ச்சியைக் குலைக்கிறது. ஆகவே, குடும்பம் முழுவதையும் தாங்க வேண்டும் என்பதை ஃபார்பர் உணர்ந்திருந்தார். பணம் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தையும் திருப்பி அனுப்பப்படக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை நடைமுறையில் காப்பாற்றியது, ஜிம்மி நிதியில் சேர்ந்த பணமே.

1953ஆம் ஆண்டு பிரேவ்ஸ் குழு பாஸ்டனைவிட்டு வேறு நகருக்கு இடம்பெயர்ந்தது. நிதி திரட்டும் பணி நின்றுவிடுமோ என்ற ஐயம் எழுந்தது. உடனே பாஸ்டனின் மற்றொரு குழுவான ரெட் சாக்ஸ் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அக்குழுவின் நட்சத்திர ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் அடிக்கடி மருத்துவமனைக்குச் சென்று நோயுற்ற பிள்ளைகளோடு நேரம் செலவிட்டார். அதை விளம்பரப்படுத்தக் கூடாது என்றும் அவர் கேட்டுக்கொண்டார். ரெட் சாக்ஸ் குழு ஏற்ற அப்பொறுப்பு இன்றளவும் தொடர்கிறது.

ஆய்வும் வளர்ந்தது. குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டால், அக்காலத்தில் அதற்குத் தீர்வே இல்லை. 1950களின் நடுவில் ஆக்டினோமைசின் என்னும் மருந்தை ஃபார்பரின் குழு அந்நோய்க்குப் பயன்படுத்தியது. நுரையீரலில் பரவியிருந்த கட்டிகள் சுருங்கின. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை, மருந்து ஆகிய மூன்றையும் இணைத்துப் பயன்படுத்தினால் நோயை வெல்லலாம் என்பது தெளிவாயிற்று.

இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையும் படிப்படியாக முன்னேறியது. அமினோப்டெரினுக்கு நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஒரே மருந்தால் அடக்க முடியாத நோயைப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து அடக்க மருத்துவர்கள் கற்றனர். நன்கொடையால் இயங்கும் மற்ற மருத்துவமனைகளும் இப்பணியில் இணைந்தன. அவற்றுள் ஒன்று, நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ் 1962ஆம் ஆண்டு மெம்ஃபிஸ் நகரில் நிறுவிய செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆய்வு மருத்துவமனை. அங்கே சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பத்தாரிடம் கட்டணம் கேட்கப்படுவதில்லை. அம்மருத்துவமனையின் மருத்துவர்கள் பல மருந்துகளையும் கதிர்வீச்சையும் இணைத்துச் சிகிச்சை அளித்தனர். 1960களின் இறுதிக்குள், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரைக் குணப்படுத்தலாம் என்ற நிலை பிறந்தது. ஃபார்பர் கண்ட தற்காலிக வெற்றி நிலையான வெற்றியாக மாறத் தொடங்கியது.

இறுதிவரை ஓயாத உழைப்பு

ஃபார்பர் தம் மருத்துவமனையோடு தம் கடமை முடிந்தது என்று கருதவில்லை. பொதுமக்களின் நன்கொடையோடு அரசாங்கத்தின் நிதியும் சேர்ந்தால்தான் புற்றுநோய் ஆய்வு விரைவாக வளரும் என்று அவர் நம்பினார். மேரி லாஸ்கர் என்னும் சமூகத் தொண்டரோடு இணைந்து பல ஆண்டுகள் பாடுபட்டார். அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் தோன்றி, ஆய்வுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1971ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் கையெழுத்தானது. அதற்குப் பின்னால் ஃபார்பரின் நீண்டகால உழைப்பும் இருந்தது.

1973ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், மாரடைப்பால் ஃபார்பர் காலமானார். அப்போது அவருக்கு வயது 69. பணியிடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, அவர் நிறுவிய அமைப்புக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. இன்று அது டேனா ஃபார்பர் புற்றுநோய்க் கழகம் என்னும் பெயரில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ நிலையமாகத் திகழ்கிறது.

ஜிம்மி என்ன ஆனான்? வானொலியில் அவன் குரலைக் கேட்ட பலர், அவன் சில மாதங்களில் இறந்திருப்பான் என்றே எண்ணினர். அக்காலத்தில் அந்நோய் கண்ட குழந்தை பிழைப்பது அத்துணை அரிது. ஆனால், அவன் இறக்கவில்லை. குணமடைந்து ஊர் திரும்பினான்; வளர்ந்து பெரியவனாகி, லாரி ஓட்டுநராக வேலை பார்த்தான்; குடும்பத்தோடு அமைதியாக வாழ்ந்தான். நிதி தொடங்கி ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1998ஆம் ஆண்டு, தாம்தான் அந்த ஜிம்மி என்று அவர் மக்கள்முன் தோன்றியபோது எல்லாரும் வியப்பில் ஆழ்ந்தனர். அதன்பின் அவர் நோயுற்ற பிள்ளைகளைச் சந்தித்து ஆறுதல் கூறினார். 2001ஆம் ஆண்டு, தம் 65ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஃபார்பர் தொடங்கிய பணி இன்னும் முடிந்துவிடவில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4,00,000 குழந்தைகளும் இளையர்களும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. செல்வ நாடுகளில் அவர்களுள் 80 விழுக்காட்டினருக்கு மேல் குணமடைகின்றனர். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றிலோ 30 விழுக்காட்டினருக்கும் குறைவாகவே குணமடைகின்றனர். நோய் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். நோயை உரிய நேரத்தில் கண்டறியும் வாய்ப்பும், மருந்து வாங்கப் பணமும், சிகிச்சையை இடையில் நிறுத்தாமல் தொடரும் வசதியும்தான் இரு குழந்தைகளின் விதியைப் பிரிக்கின்றன. இந்த இடைவெளியைக் குறைப்பதற்காக அந்நிறுவனம் 2018ஆம் ஆண்டு ஓர் உலகளாவிய திட்டத்தைத் தொடங்கியது. 2030ஆம் ஆண்டுக்குள், புற்றுநோய் கண்ட குழந்தைகளில் குறைந்தது 60 விழுக்காட்டினராவது பிழைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு.

அந்த இலக்கை அடைய மருத்துவர்கள் மட்டும் போதமாட்டார்கள். ஃபார்பரிடம் அறிவு இருந்தது; விடாமுயற்சி இருந்தது. ஆயினும், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான மக்கள் தங்கள் கையிலிருந்த காசைக் கொடுக்காதிருந்தால், அவருடைய கட்டடம் எழுந்திருக்காது. உண்டியலில் காசு போட்ட சிறுவர்களுக்கு இரத்தப் புற்றுநோயைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. தங்களைப் போன்ற ஒரு பிள்ளை நோயுற்றுக் கிடக்கிறான் என்பது மட்டுமே தெரியும். உதவுவதற்கு அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.